ஆறு படி காற்று

எல் ஆல்ட்டோவில்
பத்துப் படி கொள்ளும் இடத்தில்
ஆறு படிதான் காற்று.
இங்கேயே பிறந்த நாங்கள்
ரத்தத்தைக் கெட்டியாக்கிச் சமாளித்துவிட்டோம்.
என் கார் பிறந்தது ஏதோ கடலோரத் தொழிற்சாலையில்.
அதற்கு முன்னோர் இல்லை.
ஏற்றத்தைக் கண்டால்
யானைப் பசிக்குச் சோளப்பொரி கிடைத்த மாதிரி
இருமிக்கொண்டு நிற்கும்.

ஆறு நாள் ஏரியிலிருந்து டிரவுட் மீன் ஏற்றி வருவேன்.
ஏழாம் நாள் பந்தயம்.
மீன் வாசனையோடு போய்
மீன் வாசனையோடு தோற்று வருவேன்.

நிக்கோலாசா சுக்கிமியாவின் பட்டறையில்
மூக்கு நசுங்கிய ஜெர்மன் காரிலிருந்து கழற்றிய
சூப்பர்சார்ஜர் ஒன்று கிடந்தது,
நீள ரொட்டி அளவு அலுமினியம்.
மூடியைத் திறந்து காட்டினாள்.
இரண்டு உருளைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இதழ்,
ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் மேடு புகுந்து
புரண்டுகொண்டே இருக்கும். தொடாது.
நடுவே மயிரிழை.
"தொட்டால்?"
"தொட்டால் இரண்டும் குப்பை."
அப்போது அவளுக்குக் கணவனோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை நான்.

காற்று நடுவில் புகுந்து போகும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை, சுவரோரமாய்,
இதழுக்கும் உறைக்கும் இடையில்
பிடி பிடியாய்ச் சுற்றிப் போகிறது.
கருவி அதைப் பிழிவதுகூட இல்லை.
கொண்டுபோய் விடும், அவ்வளவே.
இன்ஜின் விழுங்குமுன் இன்னொரு பிடி,
அதையும் விழுங்குமுன் இன்னொன்று.

"செஹா! செஹா! உள்ளே இடமிருக்கு, நகருங்க!"
மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு கத்துவானே,
அவன் வேலைதான்.
திரும்பி இறங்க வழியில்லாத கூட்டம்
தானே நெருங்கிக்கொள்ளும்.
அந்த நெருக்கத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர்.
நெருங்கினால் புழுங்கும், காற்றானாலும்.
பம்பருக்குப் பின்னால் ஒரு கூலர் வைத்தாள்,
மலைக்குளிர் வந்து மோத.

"இதைச் சுற்றுவது யார்?"
"உன் இன்ஜின்தான். வேறு யார்?"
கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட்.
முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டே
பணம் எண்ணித் தருகிற ஆள் மாதிரி
இருபது குதிரையை எடுத்துக்கொண்டு
அறுபதை நீட்டும்.
ஆனால் நாளை வா என்று சொல்லாது.
கால் வைத்த கணமே கையில்.

மிதித்தேன்.
ஒரு சீழ்க்கை கிளம்பி
வேகத்தோடு மேலே மேலே ஏறியது,
தெருநாய்கள் சந்துக்குள் ஓடின.
லா கும்ப்ரே ஏற்றத்தை
முதன்முறையாக மூன்றாம் கியரில் பார்த்தேன்.
மீன்காரன் இரண்டாமிடம்.

சனியன் அங்கேதான் பிடித்தது.

புல்லியைச் சிறிதாக்கினால்
உருளைகள் இன்னும் வேகமாய்ச் சுழலும்.
"மாட்டேன்" என்றாள் நிக்கோலாசா.
"நம் ஊர்ப் பெட்ரோல் தாங்காது."
வேறு பட்டறையில்
எண்பது பொலிவியானோ, அரை மணி நேரம்.

அடுத்த ஞாயிறு, மூன்றாம் வளைவில்
தகர டப்பாவில் யாரோ கோலிக்குண்டு குலுக்கினார்கள்.
சுடர் வந்து சேருமுன்
மூலையில் நெருங்கிக் கிடந்த வாயு
பொறுக்காமல் தானே வெடிக்கிற சத்தம் அது.
தெரியாது எனக்கு.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
ஐந்தாம் வளைவில் நீலப் புகை.

பிளாஸ்டிக் பையில் பிஸ்டனோடு போய் நின்றேன்.
உச்சியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
வாங்கி, கண்ணருகே வைத்து
அந்த ஓட்டை வழியே என்னைப் பார்த்தாள்.
வெகுநேரம்.

பிறகு கருவியைத் திறந்தாள்.
உருளைகளுக்கு ஒரு கீறல் இல்லை.
விரலால் மெதுவாகச் சுற்றினாள்.
இன்னமும் தொடவில்லை.

"வழக்கு முடிந்தது.
பட்டறை எனக்கு, வீடு அவனுக்கு" என்றாள்
கருவியைப் பார்த்துக்கொண்டே.
"பழைய புல்லி எங்கே?"

மீன் பெட்டியில், என்றேன்.

"கழுவிக் கொண்டுவா."